சாப்பாடும் வயதான காலத்துக் கண் நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், அம்மா அப்பாவின் பார்வை மங்குவதைப் பார்த்துக் கலங்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தப் பழம், எந்த மாத்திரை என்றுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பார்கள். ஆனால் இத்தனை வருட ஆய்வுகளில் தனி ஒரு பழமோ தனி ஒரு சத்தோ கண்ணைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. பல வருடங்கள் தொடர்ந்து சாப்பிடும் சாப்பாடு மொத்தமாகச் சேர்ந்துதான் வேலை செய்கிறது. மாத்திரை, நோயின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

வயதானால் வரும் கண் நோய்கள் என்றால் எவை?

முக்கியமாக நான்கு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது கண்புரை. அறுவை சிகிச்சையில் புது லென்ஸ் வைத்துவிட்டால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். விழித்திரையின் நடுவில் மாகுலா என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. படிக்கவும், முகங்களை அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் அதுதான் வேண்டும். அது பழுதாவது மாகுலா சிதைவு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாவது கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. நான்காவது, சர்க்கரை நோயால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கெடுவது.

சாப்பாட்டின் பங்கு நான்கிலும் ஒரே அளவு இல்லை. மாகுலா சிதைவில்தான் ஆதாரம் அதிகம், அதனால் இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை நோய் பாதிப்பில் உணவின் பங்கு நேரடியானது. கண்புரையில் ஓரளவு. கண் அழுத்த நோயில் இதுவரை கிடைத்திருப்பவை சில தடயங்கள்தான்.

வயிற்றுக்குள் போகும் உணவு கண்ணை எப்படிப் பாதிக்கும்?

உடம்பிலேயே ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. நாள் முழுக்க அதன்மேல் வெளிச்சம் வேறு விழுகிறது. ஒளியை உணரும் செல்களின் சவ்வில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. ஆக்சிஜன், வெளிச்சம், எளிதில் கெடக்கூடிய கொழுப்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றச் சேதம் நடக்கத்தான் செய்யும்.

அதனால் இந்தச் செல்கள் தங்கள் வெளிப்பகுதியைச் சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதுப்பித்துக்கொள்கின்றன. உதிரும் பகுதியை அடியில் இருக்கும் நிறமி அடுக்கு தினமும் விழுங்கிச் செரிக்கிறது. வயதாக ஆக அந்தச் சுத்திகரிப்பு தடுமாறும். செரிக்காத கழிவும் கொழுப்பும் விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகளாகத் தங்கும். இவற்றுக்கு ட்ரூசன் என்று பெயர். கண் மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்க்கும்போது மாகுலா சிதைவின் முதல் அடையாளமாகத் தேடுவது இவற்றைத்தான்.

உணவு இந்த இடத்தில்தான் வருகிறது. மாகுலாவின் மஞ்சள் நிறம் லூட்டீன், சீயாசாந்தின் என்ற நிறமிகளால் வருவது. நீல ஒளியின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதும், ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிப்பதும் அவற்றின் வேலை. மனித உடம்பால் இவற்றைத் தயாரிக்க முடியாது, வாய் வழியாக வந்தால்தான் உண்டு. டிஎச்ஏவும் பெரும்பாலும் உணவிலிருந்தே வருகிறது. வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் ஆகியவையும் கண்ணின் பாதுகாப்பு வேலையில் பங்கெடுக்கின்றன. இன்னொரு பக்கம், ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுமீறிப் போனால், கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் கெட்டுப்போகின்றன.

கேரட் தின்றால் கண் நன்றாகத் தெரியுமா?

வைட்டமின் ஏ குறைவாக இருப்பவர்களுக்குத் தெரியும். மங்கலான வெளிச்சத்தை உணரும் ரொடாப்சின் என்ற பொருளைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது போதாவிட்டால் மாலைக்கண் வரும், மோசமாகக் குறைந்துபோனால் கருவிழியே கெட்டுவிடும். உலகில் எத்தனையோ குழந்தைகள் இதனால் பார்வை இழந்திருக்கிறார்கள். அந்த நிலையில் வைட்டமின் ஏ உண்மையிலேயே கண்ணைக் காக்கும் மருந்து. ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு கிடைப்பவர் கூடுதலாகக் கேரட் சாப்பிட்டு பார்வையைக் கூர்மையாக்கிக்கொள்ள முடியாது. மாகுலா சிதைவும் கண்புரையும் வைட்டமின் ஏ குறைவால் வருபவை அல்ல.

இந்த நம்பிக்கை இவ்வளவு பரவியதற்கு இரண்டாம் உலகப் போரும் ஒரு காரணம். இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பிரிட்டிஷ் விமானி ஜான் கன்னிங்ஹாமின் பார்வைக்குக் கேரட்தான் காரணம் என்று அப்போது பிரசாரம் செய்தார்கள். உண்மையில் விமானத்தில் இருந்த ராடார்தான் வழி காட்டியது. அதை வெளியே சொல்ல முடியாது, அதுவுமில்லாமல் கேரட் தாராளமாக விளைந்து கிடந்தது.

கேரட் நல்ல காய், சாப்பிடுங்கள். ஆனால் வைட்டமின் ஏ மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு அதிக அளவில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது உடம்பில் தங்கும். அளவு மீறினால் ஈரல் கெடும், மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடி பார்வை நரம்பே வீங்கக்கூடும்.

அப்படியானால் எந்த உணவுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது?

கரும்பச்சைக் கீரைகளுக்கு. 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாகுலா சிதைவு முற்றிய 356 பேரின் சாப்பாட்டையும் அந்த நோய் இல்லாத 520 பேரின் சாப்பாட்டையும் ஒப்பிட்டார்கள். கரோட்டினாய்டு நிறமிகளை (காய்கறி, கீரைகளில் இருக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள், லூட்டீனும் இதில் சேரும்) மிக அதிகமாகச் சாப்பிட்ட பிரிவினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நோயின் ஆபத்து 43 சதவீதம் குறைவாக இருந்தது. உணவுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பசலைக் கீரை வகைகளுக்குத்தான் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. காரணம் லூட்டீனும் சீயாசாந்தினும்.

வேகவைத்த பசலைக் கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 11 மில்லிகிராம் அளவுக்கு இவை இரண்டும் சேர்ந்து கிடைக்கும். மாகுலா சிதைவுக்கென்று பின்னால் சொல்லப்போகும் ஏரெட்ஸ் மாத்திரையில் இருப்பது 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் சீயாசாந்தினும். ஆக, ஒரு கிண்ணம் கீரை அந்த அளவைக் கிட்டத்தட்ட தொட்டுவிடுகிறது. மக்காச்சோளம், ஆரஞ்சு நிறக் குடைமிளகாய், பட்டாணி, பிஸ்தா ஆகியவற்றிலும் இவை உண்டு. மக்காச்சோளமும் ஆரஞ்சுக் குடைமிளகாயும் சீயாசாந்தினுக்கு நல்லவை. முட்டை மஞ்சள் கருவில் அளவு குறைவு, ஒரு முட்டைக்குச் சுமார் கால் மில்லிகிராம்தான். ஆனால் கொழுப்போடு கலந்தே இருப்பதால் உடம்பு அதை எளிதாக எடுத்துக்கொள்கிறது.

இந்த 43 சதவீதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் சொல்ல வேண்டும். நிறையக் கீரை சாப்பிடுபவர் பொதுவாகப் புகைபிடிக்காதவராகவும், நடைப்பயிற்சி செய்பவராகவும் இருப்பார். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் முழுக்கப் பிரித்துவிட முடியாது. அதனால் ‘கீரை சாப்பிட்டால் ஆபத்து இத்தனை சதவீதம் குறையும்’ என்று உறுதி சொல்லிவிட முடியாது, தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்லலாம்.

கீரையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டுமா, வேகவைத்தா?

எப்படிச் சாப்பிட்டாலும் சரி, எண்ணெய் இல்லாமல் சாப்பிடாதீர்கள். லூட்டீன் கொழுப்பில் கரைவது. வெறும் தண்ணீரில் வேகவைத்து அப்படியே சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் வதக்குங்கள், அல்லது பக்கத்தில் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்போ இருக்கட்டும். பொடியாக நறுக்கி லேசாக வேகவைப்பதும் நல்லது, செல் சுவர் உடைந்து நிறமி வெளியே வரும். பச்சையாக இருக்கும்போது பாத்திரம் நிறைய இருக்கும் கீரை வெந்ததும் ஒரு பிடியாகச் சுருங்கிவிடுமே, அதனால் வேகவைத்தால் அதிகமாகச் சாப்பிடவும் முடிகிறது. நீண்ட நேரம் கொதிக்கவிடாதீர்கள், வைட்டமின் சி போய்விடும்.

மீன் சாப்பிடுவது உதவுமா? மீன் எண்ணெய் மாத்திரை போதாதா?

இதில் மீனும் மாத்திரையும் வேறு வேறு பதில் தருகின்றன. அமெரிக்காவில் 38,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 10 வருடம் கவனித்த ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறையாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு மாகுலா சிதைவு வரும் ஆபத்து, மாதம் ஒரு முறைகூடச் சாப்பிடாதவர்களைவிட 42 சதவீதம் குறைவாக இருந்தது. 2011-இல் வந்த முடிவு இது. மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில்தான் டிஎச்ஏ அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு மீன் எண்ணெயைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது இயல்புதான். அதையும் சோதித்தார்கள். ஏரெட்ஸ் என்ற அமெரிக்கக் கண் ஆய்வின் இரண்டாவது சுற்றில், 2013-இல், ஒமேகா-3 மாத்திரை கூடுதல் பலன் எதையும் தரவில்லை. வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 25,871 பேருக்கு ஒமேகா-3, வைட்டமின் டி, அல்லது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே மாகுலா சிதைவு வருவதையும் முற்றுவதையும் தடுக்கவில்லை என்று 2020-இல் தெரிந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? மீன் தட்டில் வரும்போது வேறு ஏதாவது ஒன்று, பெரும்பாலும் இறைச்சியோ பொரித்த பண்டமோ, தட்டிலிருந்து போய்விடுகிறது. மாத்திரையால் எதுவும் போவதில்லை. தவிர, மீன் சாப்பிடுபவர்களின் மற்றச் சாப்பாடும் சேர்ந்துதான் அந்த 42 சதவீதத்தில் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆளி விதை, வால்நட் போன்றவற்றில் இருக்கும் ஒமேகா-3-இல் ஒரு சிறு பங்கை உடம்பு டிஎச்ஏவாக மாற்றிக்கொள்ளும், கீரையும் பருப்பும் கொட்டைகளும் தங்கள் பங்கைச் செய்யும்.

ஏரெட்ஸ் மாத்திரை என்கிறார்களே, அது என்ன? நானும் போட்டுக்கொள்ளலாமா?

அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் பெயர் அது. முதல் ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. தினமும் வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 சர்வதேச அலகு (IU), பீட்டா கரோட்டின் (கேரட்டின் ஆரஞ்சு நிறமி) 15 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., அந்தத் துத்தநாகத்தால் உடம்பில் செம்பு குறைந்துவிடாமல் இருக்க 2 மி.கி. செம்பு, இதுதான் அந்தக் கலவை.

நோய் நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களிலும், ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களிலும், போலி மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு ஐந்து வருடத்தில் நோய் முற்றியது. கலவையைச் சாப்பிட்டவர்களில் அது 20 பேர். அதாவது ஆபத்து கால் பங்குக்கும் மேல் குறைந்தது. இழந்த மையப் பார்வையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினமான ஒரு நோயில் இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கோ, நோயே இல்லாதவர்களுக்கோ இதனால் பலன் தெரியவில்லை. கண்புரையை அது தடுக்கவும் இல்லை.

2013-இல் வந்த இரண்டாவது ஆய்வு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன் 10 மி.கி., சீயாசாந்தின் 2 மி.கி. சேர்த்தது. காரணத்தை அடுத்தடுத்த கேள்வியில் சொல்கிறேன். அதில் இன்னொரு சேதியும் கிடைத்தது. சாப்பாட்டில் லூட்டீன் மிகக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் லூட்டீன் மாத்திரையால் தெளிவான பலன். ஏற்கெனவே கீரை சாப்பிடுபவருக்கு மாத்திரை புதிதாகச் சேர்ப்பது கொஞ்சம்தான். 2024-இல் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, உலர் வகை (புது ரத்தக் குழாய் முளைத்துக் கசியாத வகை) நோய் முற்றி விழித்திரைத் திசு தேயத் தொடங்கியவர்களிலும், தேய்வு மாகுலாவின் நட்டநடுப் புள்ளியை நோக்கிப் பரவும் வேகத்தை இந்த மாத்திரை மட்டுப்படுத்துவது தெரிந்தது.

ஆகவே நீங்கள் போட்டுக்கொள்ளலாமா என்பதற்குப் பதில் உங்கள் விழித்திரையில்தான் இருக்கிறது. ட்ரூசன் எந்த அளவில், எத்தனை இருக்கின்றன என்று கண் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘எனக்கு எந்தக் கட்டம்?’ என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். நடுத்தரம் என்றால் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். ஆரம்பம் என்றால் சாப்பாட்டைக் கவனியுங்கள், சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

‘கண் ஆரோக்கியத்துக்கு’ என்று எழுதிய டப்பா எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கண் படம் போட்டு லூட்டீன் என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்னால் சிறிய எழுத்தில் துத்தநாகம் 5 மி.கி., வைட்டமின் சி 40 மி.கி. என்று இருக்கும். ஆய்வில் பலன் தந்த அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லூட்டீன் 10, சீயாசாந்தின் 2, சி 500, ஈ 400 அலகு, செம்பு 2 என்ற எண்கள் பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். துத்தநாகம் 80 அல்லது 25 இருக்கலாம், இரண்டாவது ஆய்வில் இந்த இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எழுதியிருக்கும் அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டு மாத்திரைக்கா என்பதையும் கவனியுங்கள். பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சரியான அளவு இருக்கும் டப்பாவும் ஆபத்தே இல்லாதது அல்ல. 80 மி.கி. துத்தநாகம், பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பான 40 மில்லிகிராமைப் போல் இரண்டு மடங்கு. வயிற்றைப் புரட்டலாம், சிறுநீர்ப் பாதைத் தொந்தரவும் சிலருக்கு வந்தது. வைட்டமின் ஈ 400 அலகை ஆண்கள் பல வருடம் சாப்பிட்ட வேறொரு பெரிய ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததாக 2011-இல் தெரிந்தது. அதனால்தான் தேவைப்படுகிறவருக்கு மட்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் புகைபிடிப்பவன் / முன்பு புகைபிடித்தவன். எனக்கு ஏதாவது விசேஷமாக உண்டா?

உண்டு, இரண்டு. பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரையைத் தொடாதீர்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது என்று 1994-இல் தெரிந்தது. இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்விலும் பீட்டா கரோட்டின் பிரிவில் 2 சதவீதம் பேருக்கும் மற்றப் பிரிவில் 0.9 சதவீதம் பேருக்கும் அந்தப் புற்றுநோய் வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் முன்பே புகையை விட்டவர்கள். காய்கறியில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இரண்டாவது, புகையை விடுங்கள். மாகுலா சிதைவில் நம் கையில் இருக்கும் காரணங்களில் இதுதான் பெரியது. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு. எந்தக் கீரையாலும் அதை ஈடுகட்ட முடியாது. விட்ட பிறகு ஆபத்து வருடா வருடம் இறங்குகிறது.

சாப்பாட்டால் கண்புரையைத் தடுக்க முடியுமா?

தள்ளிப்போட வாய்ப்பு இருக்கிறது. லென்ஸின் மையத்தில் இருக்கும் புரதங்கள் பிறந்ததிலிருந்து மாற்றப்படுவதே இல்லை. எண்பது வயதிலும் அதே புரதம்தான். ஆக்சிஜனேற்றத்தாலும் புற ஊதாக் கதிராலும் அவை மெல்லக் கெட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூட்டில் முட்டையின் வெள்ளைக் கரு வெளுப்பதைப் போல, கண்ணாடியாக இருந்த லென்ஸ் மங்குகிறது. லென்ஸைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் வைட்டமின் சி ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தேங்கியிருக்கிறது. அது ஒரு காவல்.

பிரிட்டனில் 1,000-க்கும் மேற்பட்ட பெண் இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள், அவர்களில் 324 ஜோடிகளைப் பத்து வருடம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். உணவில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களுக்குப் புரை முற்றும் ஆபத்து 33 சதவீதம் குறைவு. மாத்திரையாகச் சாப்பிட்ட வைட்டமின்களால் அந்த வித்தியாசம் வரவில்லை. அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சராசரியாக எட்டு வருடம் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் புரை குறையவில்லை. கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை, குடைமிளகாய், தக்காளி என்று பழமும் காயுமாகவே சாப்பிடுங்கள். வெயிலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

புரை முற்றிவிட்டால் அறுவை சிகிச்சைதான். சொட்டு மருந்தோ பத்தியமோ மங்கிய லென்ஸைத் தெளிவாக்காது. சாப்பாட்டால் சரிசெய்துகொள்கிறேன் என்று வருடக்கணக்கில் மங்கலோடு வாழ்ந்து, தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இனிப்பும் வெள்ளை மாவும் கண்ணைப் பாதிக்குமா?

பாதிக்கலாம் என்றுதான் தெரிகிறது. சாப்பிட்டவுடன் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளை அதிகம் சாப்பிடுபவர்களிடம் மாகுலா சிதைவு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியான சோதனையில், அப்படிப்பட்ட தீவனம் தின்ற எலிகளின் விழித்திரையில் இந்த நோயைப் போன்ற சேதம் வந்தது. நடுவயதில் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்துக்கு மாற்றியவற்றுக்குச் சேதம் நின்றது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தீட்டிய தானியத்துக்குப் பதில் முழு தானியம், பழச்சாறுக்குப் பதில் பழம் என்று மாறுவதில் உடம்பு முழுவதற்குமே லாபம்.

சர்க்கரை நோய் இருப்பவருக்கு?

உங்களுக்கு ரத்தச் சர்க்கரைதான் முதல் விஷயம், லூட்டீன் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1993-இல் முடிந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையிலும் கட்டுப்பாடு கண்ணைக் காக்கிறது. ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், உப்பைக் குறைப்பது அங்கே உதவும்.

ஸ்பெயினில் நடந்த ஓர் உணவு ஆய்வில் கலந்துகொண்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில், வாரம் இரண்டு முறை கொழுப்பு மிகுந்த மீன் சாப்பிடுவதற்கு ஈடான ஒமேகா-3 எடுத்துக்கொண்டவர்களுக்கு, பார்வையை அச்சுறுத்தும் விழித்திரை நோய் 48 சதவீதம் குறைவாக வந்தது. 2016-இல் வெளியானது இது.

ஒரு எச்சரிக்கை. நீண்ட நாள் ஏறிக் கிடந்த சர்க்கரையைக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டாலோ புதிய மருந்தாலோ திடீரென்று இறக்கினால், ஏற்கெனவே இருக்கும் விழித்திரை பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். அதற்காக இறக்காமல் விட்டுவிடக் கூடாது. தொடங்கும் முன் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் இறக்குங்கள்.

கண் அழுத்த நோய்க்குப் பத்தியம் உண்டா? காபி குடிக்கலாமா?

சொட்டு மருந்துக்கு ஈடான உணவு எதுவும் இல்லை. மருந்தை விடாமல் போடுவதுதான் முக்கியம். 2016-இல் வந்த ஓர் ஆய்வில், கீரைகளிலிருந்து கிடைக்கும் நைட்ரேட்டை அதிகம் உட்கொண்டவர்களுக்கு இந்த நோய் 20 முதல் 30 சதவீதம் குறைவாக வந்தது. ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

காபி கண் அழுத்தத்தைச் சிறிது நேரத்துக்கு லேசாக ஏற்றும். நாளுக்கு ஒன்று இரண்டு குவளை பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நோய் முற்றியவர்களும், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களும் அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாலும் அழுத்தம் ஏறும். பகல் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கீரை சாப்பிடலாமா?

வார்ஃபரின் என்றால் கவனம் வேண்டும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து தினமும் இரண்டு கிண்ணம் என்று திடீரென்று ஆரம்பிப்பதுதான் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பசலைக் கீரையில் ஆக்சலேட் அதிகம்.

அம்மாவுக்கு மாகுலா சிதைவு. எனக்கும் வந்தே தீருமா?

ஆபத்து கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றங்களில் முக்கியமான ஒன்று 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களிலும் துத்தநாகம், ஒமேகா-3, லூட்டீன் போன்றவற்றை உணவில் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஆரம்ப நிலை நோய் குறைவாக வந்தது தெரிந்தது. உங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பாட்டைக் கவனிப்பதில் மற்றவர்களைவிட அதிகப் பலன் இருக்கலாம்.

கண் எரிச்சலும் உலர்ச்சியுமாக இருக்கிறது. ஒமேகா-3 மாத்திரை சாப்பிடலாமா?

2018-இல் 535 பேரை வைத்து நடந்த சோதனையில், தினமும் 3 கிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3 சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் முன்னேற்றம் ஒரே மாதிரிதான் இருந்தது. காசை மிச்சப்படுத்துங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

ராட்டர்டாம் ஆய்வையும் பிரான்ஸில் நடந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்து சுமார் 5,000 முதியவர்களின் சாப்பாட்டை அலசினார்கள். காய்கறி, பழம், பருப்பு வகை, முழு தானியம், கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய் அதிகமாகவும் இறைச்சி குறைவாகவும் உள்ள மத்திய தரைக்கடல் உணவுமுறையை நன்றாகப் பின்பற்றியவர்களுக்கு, மாகுலா சிதைவு முற்றும் ஆபத்து 41 சதவீதம் குறைவு. அந்த உணவுமுறையின் ஒன்பது அம்சங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது எந்த ஒன்றுக்கும் தனியாக அந்தப் பலன் இல்லை. இத்தனை ஆய்வுகளில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இதுதான்.

அதனால் பட்டியல் போட்டு ஒவ்வொரு சத்தாகத் துரத்த வேண்டாம். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் கீரை, தினமும் பல நிறத்தில் காயும் பழமும், முழு தானியம், பருப்பு, ஒரு கைப்பிடி கொட்டை, சாப்பிடுபவராக இருந்தால் மீனும் முட்டையும். பாக்கெட்டில் வரும் பொரித்த பண்டங்களும் இனிப்பு பானங்களும் எப்போதாவது. எழுபதில் தொடங்கினாலும் வீண் இல்லை, நாற்பதில் தொடங்கினால் இன்னும் நல்லது.

எந்த அறிகுறி வந்தால் சாப்பாட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது?

நேர்கோடு வளைந்து தெரிந்தால். பார்வையின் நடுவில் கறுப்பாகவோ மங்கலாகவோ ஒரு திட்டு வந்தால். ஒரு கண்ணில் பார்வை சட்டென்று குறைந்தால். மின்னல் போல வெளிச்சம் பளிச்சிட்டு, புதிதாக நிறையக் கரும்புள்ளிகள் மிதந்தால்.

முதல் இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை ஓர் அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் அந்தப் புள்ளியையே பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்காவது வளைகின்றனவா, கட்டம் ஏதாவது காணாமல் போகிறதா? அப்புறம் அடுத்த கண். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், பலர் ஏமாறுவது அங்கேதான். சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் கொண்டுவந்த சோதனை இது. மாகுலா சிதைவு இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் தினமும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

கோடு புதிதாக வளைந்தால் அது ஈர வகையாக மாறியதன் அடையாளமாக இருக்கலாம். விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்று பொருள். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ விழித்திரை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு கண்ணில் பார்வை சட்டென்று போனாலோ, மின்னலும் புள்ளிகளும் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.